கட்டிவைத்த கையிடம் கேட்ட கேள்விகள்

அனுப்புநர்:
கோப்பு எண் 2217-க்கு உரிய நோயாளியின் மனைவி,
பள்ளி அலுவலகத் தட்டச்சர்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மறுவாழ்வு மருத்துவமனை.

பொருள்: பக்கவாதத்தால் செயலிழந்த வலக்கைக்கான பயிற்சியைத் தவறான குறிப்பின் பேரில் நிறுத்தியது – குறிப்பை நீக்கிப் பயிற்சியைத் தொடரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுபவர். பிறவியிலேயே காது கேளாதவர். சைகை மொழியில் என்னைவிட வேகமாகவும் நன்றாகவும் பேசுபவர். எட்டு மாதங்களுக்கு முன் பட்டறையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் தாக்கி வலக்கை விழுந்துவிட்டது. பிறருக்குக் கை போனால் தொழில் போகும். இவருக்குத் தொழிலோடு பாதிப் பேச்சும் போயிற்று.

2. தங்கள் இயன்முறை மருத்துவர் அம்மையார் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. முதலில் கண்ணாடிப் பயிற்சி கொடுத்தார். இடக்கையை அசைத்து, கண்ணாடியில் அது வலக்கைபோலத் தெரிவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல்கள் லேசாக அசையத் தொடங்கியதும், நல்ல கையைத் தடித்த உறைக்குள் கட்டச் சொன்னார். வேறு வழியில்லாதபோதுதான் மூளை, சோர்ந்த கையைத் தேடிப் போகுமாம். தினமும் ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் அவருக்குப் பேச்சே இருக்காது என்று தெரிந்தும், என் கணவர் தாமாகவே இடக்கையை நீட்டினார்.

3. வலக்கையால் துணி க்ளிப்புகளை மாட்டினார், பட்டாணியைக் கிண்ணம் மாற்றினார். பதினோராண்டு மணவாழ்வில் முதன்முறையாக வீட்டில் நான் மட்டுமே பேசினேன். அந்த வெற்றி எனக்கு இனிக்கவில்லை. பதினாறாம் நாள் கட்டைவிரல் சுட்டுவிரலைத் தொட்டது. அன்று சாப்பாட்டின்போது வலக்கை பேசிய முதல் சொல் "உப்பு". மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் கோரிக்கையை நிராகரித்தேன். ஆனாலும் அந்தச் சொல்லை நான்கு முறை திரும்பச் சொல்லவைத்துப் பார்த்தேன்.

4. சென்ற வாரத் திங்களன்று மதிப்பீடு. பயிற்சி நேரம் என்பதால் இடக்கை உறைக்குள்தான் இருந்தது. அம்மையார் விடுப்பு. மதிப்பீட்டு அலுவலர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். இவருக்குக் காது கேட்காது, கூட இருக்கிறேன் என்றேன். "எல்லாம் ஃபைல்ல இருக்கும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். காது கேளாதவர் என்பது கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் அதைப் புரட்டவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குனிந்து எழுதியபடியே கேள்வி கேட்கிறார். என் கணவர் உறையிட்ட கையை உயர்த்திக் காட்டுகிறார். உறையின் கட்டை அவிழ்க்க வலக்கைக்கு இன்னும் வலுவில்லை. மறுபடி உயர்த்துகிறார். அலுவலர் அந்தக் கையைப் பிடித்து இறக்கி மேசைமேல் வைத்தார். நான் கதவைத் தட்டினேன், உதவியாளர் தடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் முடிந்தது. கோப்பில் எழுதியிருப்பது: "ஒத்துழைப்பு இல்லை. அறிவுத்திறன் ஐயத்திற்குரியது. ஆறு மாதம் கடந்துவிட்டதால் மேலும் முன்னேற்றத்திற்கு வாய்ப்பில்லை. கோப்பு மூடப்படுகிறது."

5. ஐயா, ஒருவர் வாயைப் பொத்திவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? என் கணவருக்குப் படிக்கத் தெரியும். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். அன்றிலிருந்து உறையை அணிய மறுக்கிறார். "இதைக் கட்டிக்கிட்டா நான் முட்டாளாயிடறேன்" என்று இடக்கையால் சொன்னார். அம்மையார் திட்டப்படி இன்னும் ஐந்து வாரப் பயிற்சி மீதம் இருக்கிறது. விரல்களோ நாளுக்கு நாள் மீண்டும் இறுகி வருகின்றன.

6. ஆகவே அந்த வரிகளைக் கோப்பிலிருந்து நீக்கி, நீக்கியதை அவருக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். என் சமாதானத்தை இனி அவர் நம்பமாட்டார். மீதிப் பயிற்சியை உடனே தொடங்குங்கள். மறுமதிப்பீட்டின்போது உறையைக் கழற்றச் செய்யுங்கள். இம்மனுவை விசாரிக்கும் நாளில் அவரையும் அழையுங்கள். நடந்ததை அவரே சொல்வார். சைகை மொழி தெரிந்த ஒருவரை மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்காரவைத்தால் போதும்.

நாள்: கோப்பு மூடப்பட்ட ஒன்பதாம் நாள், புதன்
இடம்: மருத்துவமனைப் புறநோயாளிகள் கூடம்

நியாயம் வேண்டி,
(கையொப்பம்)
நோயாளியின் மனைவி