இரண்டரைப் பவுன்

2024 ஜூன் 11

சாயங்காலம் ஆறரைக்குப் பழனிக்குமார் வந்தார். பார்சல் கொண்டுவருபவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கேட்டில் நின்றே "தமிழ்மதி அக்கா" என்று கூப்பிடுவார். காய் நறுக்குகிற மிஷின் வந்திருக்கிறது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் சமையலுக்கு இரண்டு எதற்கு? பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளினேன். இதோடு அங்கே பதினான்கு டப்பா.

ஜூன் 14

எரியோட்டிலிருந்து மதினி போன் செய்தார். அண்ணன் மகள் பவித்ராவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டதாம். செம்பட்டிக்காரர்கள். தை மாதம் கல்யாணம்.

"அப்பத்தா சங்கிலியத்தான் போடுவேன்னு நிக்கிறா தமிழு. அத நீதான் போட்டுவிடணுமாம்."

ம் என்றேன்.

அம்மா சாகும்போது என் கையில் கொடுத்தது அந்தச் சங்கிலி. இரண்டரைப் பவுன். பவித்ராவுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தாள். அது மார்ச் மாதத்திலிருந்து அடகுக் கடையில் இருக்கிறது. கிரெடிட் கார்டுக்காரன் நான் வேலை செய்கிற கடைக்கே போன் செய்து முதலாளி வாஹித் பாயிடம் என்னைக் கேட்டபோது, பயந்துபோய் வைத்தேன். கார்டில் முக்கால்வாசியை அடைத்தேன். அப்புறம் அதே கார்டில் மறுபடி வாங்கினேன்.

இது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஜூன் 16, ஞாயிறு

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இத்தனை நாள் எழுதப் பயமாக இருந்தது.

கார்டு: 58,400. சங்கிலி: 95,000, வட்டி தனி. சம்பளம் 17,500. வாடகை 3,800.

மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று தினமும் அடுத்தவர்களுக்கு விலை கூட்டிச் சொல்கிறேன். என் கணக்கை நாற்பத்து மூன்று வயதில் இன்றைக்குத்தான் கூட்டினேன்.

போனிலிருந்த கடைகளையெல்லாம் அழித்தேன். ஐந்து. அழித்து முடித்ததும் போனில் பார்க்க ஒன்றுமே இல்லை.

ஜூன் 19

வாஹித் பாயிடம் அட்வான்ஸ் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அட்வான்ஸும் இன்னொரு கடன்தானேம்மா என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டாக் எடுத்தால் ஐந்நூறு தருகிறேன் என்றார். எதற்குப் பணம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஜூலை 3

சம்பளம். வந்த அன்றைக்கே ஒன்பதாயிரத்தைக் கட்டிவிட்டேன். கையில் இருந்தால் அது பணமாக இருக்காது, ஏதாவது ஒரு டப்பாவாக மாறிவிடும்.

வாடகையும் அடகு வட்டியும் போக மிச்சத்தை நான்கு கவரில் போட்டேன். அரிசி பருப்பு. கேஸ், கரண்ட். மருந்து. கடைசிக் கவரில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டேன்.

ஜூலை 9

டவுன் பஸ் வேண்டாம் என்று நாகல் நகரிலிருந்து கடைக்கு நடந்தே போகிறேன். மதியம் ரஃபியா பிரியாணிக்குக் கூப்பிட்டாள். கடையில் என்னோடு நிற்பவள் அவள் ஒருத்திதான். வயிறு சரியில்லை என்று சொன்னேன். இந்த மாதத்தில் மூன்றாவது முறை வயிறு சரியில்லை.

ஜூலை 21

யாரும் போன் செய்யவில்லை. எதுவும் வாங்கவுமில்லை.

ஆகஸ்ட் 8

மார்க்கெட் முக்கில் பழனிக்குமார் வண்டியை நிறுத்தினார். "ஊருக்குப் போய்ட்டீங்களோன்னு நெனச்சேன்க்கா. ரெண்டு மாசமா உங்க பேர்ல ஒண்ணும் வரல. ஒடம்பு நல்லாத்தான இருக்கு?"

நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் என்ன ஆனேன் என்று யோசித்தது ஒரு பார்சல்காரர்தான்.

அம்மா இருந்தவரை சாயங்காலம் ஆறரைக்கு, தமிழு வந்துட்டியா என்று உள்ளிருந்து குரல் வரும். புருஷனோடு சரிப்படாமல் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தபோதும் அப்படித்தான் கேட்டாள். பதினைந்து வருஷம் அப்படியே போனது. அவள் போனபின் ஆறரைக்கு யாராவது கூப்பிட வேண்டியிருந்தது. அதற்குத்தான் இவ்வளவு காசா? வேறு வழியே தெரியவில்லையா எனக்கு?

செப்டம்பர் 17

அம்மாவின் திதி. காலையில் அண்ணன் போன் செய்து, காக்காய்க்கு வைத்துவிட்டாயா என்று மட்டும் கேட்டான்.

மதியம் ஒரு சேலை வாங்கிவிட்டேன். 1,899. அழித்ததை மறுபடி போனில் ஏற்றி, வாங்கி... ச்சீ.

செப்டம்பர் 21

சேலை வந்தது. அட்டைப்பெட்டியைத் தொடாமலே, திருப்பி அனுப்பணும்ங்க என்றேன். பழனிக்குமார் போனில் எதையோ அமுக்கினார். ஒரு வாரத்தில் பணம் திரும்பி வந்துவிடுமாம். நாளெல்லாம் வெயிலில் சுற்றிவிட்டு வந்திருக்கிறாரே என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன்.

அக்டோபர் 14

கட்டிலுக்கடியில் இருந்ததையெல்லாம் கடைக்குத் தூக்கிப்போனேன். ரஃபியா தன் தெருப் பெண்களுக்குச் சொல்லி, பாதி விலைக்குப் பத்து டப்பாவை விற்றுக் கொடுத்தாள். 4,650. "ஏங்க்கா, இதெல்லாம் எதுக்கு வாங்குனீங்க?" என்றாள். சும்மாதான் என்றேன்.

அக்டோபர் 31

தீபாவளி. காய்ச்சல் என்று எரியோட்டுக்குப் பொய் சொல்லிவிட்டேன். போனால் எல்லோருக்கும் துணி எடுக்க வேண்டும், நாலாயிரமாவது ஆகும். பவித்ரா சங்கிலியைக் காட்டச் சொல்வாள்.

தயிர்ச்சோறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடித்த புகை ஜன்னல் வழியாக வந்தது. டிவியை வைக்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 4

கார்டு முடிந்தது. பாக்கி பூஜ்யம். சேவை மையத்துக்கு நானே போன் செய்து, ரத்து செய்யுங்கள் என்றேன். அந்தப் பெண் மூன்று முறை காரணம் கேட்டாள். வேண்டாம் என்பதே காரணம் என்றேன்.

சொல்லிச் சந்தோஷப்பட ஆள் இல்லை. வீட்டுக்குள் இரண்டு நடை நடந்தேன்.

ஆனால் சங்கிலி? கல்யாணத்துக்கு இரண்டு மாதம். 95,000 அப்படியே நிற்கிறது. வட்டி மட்டும்தான் கட்டியிருக்கிறேன்.

டிசம்பர் 28

ஐந்தே நிமிடத்தில் ஒரு லட்சம் கடன் என்று போனில் ஒரு விளம்பரம் வந்தது. பெயர், ஆதார், சம்பளம் எல்லாவற்றையும் போட்டேன். ஓடிபி வந்தது. நாலு எண்ணைத் தட்டினால் சங்கிலி வந்துவிடும். பவித்ரா கழுத்தில் போடலாம். யாருக்கும் தெரியாது.

அப்புறம் இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்க வேண்டும்.

எண்ணைத் தட்டவில்லை. சொல்லிவிட வேண்டியதுதான்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

எரியோடு போனேன். அண்ணன் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து உட்கார்ந்தான். மதினி டீ கொடுத்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, டப்பாக்கள், அடகு, தீபாவளிக் காய்ச்சல். பவித்ரா கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள்.

அண்ணன் தோள் துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்தான். பிறகு, "அம்மா கழுத்துல கெடந்தத வச்சு அட்டைப்பெட்டி வாங்கிருக்க" என்றான். சத்தமே போடவில்லை. எழுந்து தோட்டத்துப் பக்கம் போனவன், நான் கிளம்பும்வரை வரவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல தமிழு?" என்றார் மதினி.

"எதச் சொல்லுறது மதினி. ஆறரை மணிக்கு வீட்டுல இருக்க முடியலன்னா?"

அவர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். செத்த இரு, சாப்பிட்டுப் போ என்றார். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்தேன்.

பஸ் ஏறும் இடம்வரை பவித்ரா கூட வந்தாள். பஸ் தெரிந்ததும், "எனக்குக் கோவந்தான் அத்த. ஆனா கல்யாணத்துக்கு வராம இருந்துறாதீக" என்றாள்.

ஜனவரி 6

பயம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது வெட்கம் மட்டும் இருக்கிறது. இது பரவாயில்லை.

பிப்ரவரி 10

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மதினி தன் சங்கிலியைக் கழற்றிப் பவித்ராவுக்குப் போட்டிருந்தார். மதினியின் கழுத்தில் தாலிக்கயிறு மட்டும். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மொய் 1,001 எழுதினேன். பந்தியில் இலை போட்டு, தண்ணீர் வைத்து, வேலையாகவே இருந்துகொண்டேன். அண்ணன் எதிரில் வந்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏப்ரல் 2

அடகுக் கடையில் அசலில் ஒன்பதாயிரம் கட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "தங்கம் ரேட் ஏறிருச்சு மேடம். இதே நகைக்கு இன்னும் அம்பதாயிரம் எடுத்துக்கலாம்" என்றாள். ரசீதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 23

ரஃபியா மறுபடி பிரியாணிக்குக் கூப்பிட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்து, காசில்லை, கடன் கட்டுகிறேன் என்றேன். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கேட்டாள். அவள் டப்பாவில் கொண்டுவந்த சேமியாவில் பாதியை என் தட்டில் தள்ளினாள்.

வீட்டுக்கு வந்து நாலாவது கவரில் "மனுசங்க" என்று எழுதினேன். மாதம் முந்நூறு. கடன் முடிய ஒரு மாதம் தள்ளிப் போனாலும் போகட்டும்.

ஆகஸ்ட் 17

அண்ணனுக்குப் போன் செய்தேன். மதினிதான் எடுத்தார். அண்ணன் வயலில் இருப்பதாகச் சொன்னார். பின்னால் அவன் இருமுவது கேட்டது.

அக்டோபர் 18

வாஹித் பாய் தீபாவளிக்கு எட்டாயிரம் கொடுத்தார். அப்படியே அடகில் போட்டேன். மிச்சம் 14,200.

டிசம்பர் 3

மீட்டுவிட்டேன். சின்னப் பிளாஸ்டிக் உறையில் கொடுத்தார்கள். கழுத்தில் போட்டுப் பார்க்கவில்லை. அது என்னுடையது இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

செம்பட்டி போய்ப் பவித்ரா கழுத்தில் போட்டேன். ஐந்து மாதம் அவளுக்கு. மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். கொக்கியை மாட்ட இரண்டு நிமிடம் ஆனது. "அத்த, கை சில்லுன்னு இருக்கு" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்குச் சொல்லவா என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மனசு லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெறுமையாகத்தான் இருந்தது.

2026 ஜனவரி 2

கட்ட எதுவும் இல்லாத முதல் சம்பளம். ஒன்பதாயிரம் அப்படியே கையில். பயந்துபோய்த் தபால் நிலையத்தில் ஒரு கணக்குத் தொடங்கிவிட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். மதினி பேசினார். அண்ணன் பேசவில்லை.

ஜனவரி 22

கடையில் ஒரு பெரியவருக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணன் பெயர். அது அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்து, எடுத்துப் பேசு தாயி என்றார்.

"ஞாயித்துக்கெழம வாரியா?" என்றான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது அந்தக் குரல் என்னிடம் பேசி. "பவித்ராவும் மாப்ளையும் வாராக. கறிக்கடையில இன்னைக்கே சொல்லி வைக்கணும், அதான் எத்தன பேருன்னு..."

"வாரேண்ணே."

"வெள்ளனவே வந்துரு. மதினிக்கு ஒத்தாசையா இருக்கும்."

அவ்வளவுதான், வைத்துவிட்டான். எவ்வளவு நேரம் பேசினோம் என்று போனில் பார்த்தேன். நாற்பத்தொரு வினாடி.