தலையணையைக் கொடுத்த பிறகு

மார்ச் 4, செவ்வாய்

நர்ஸிங்கில் புதுப் பாடம். வார்டில் செய்ததை வட்டமாக உட்கார்ந்து நாமே அலச வேண்டும். நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, அடுத்த முறை செய்யப்போவது என்ன? மூன்று 'என்ன'. எண்ணெய் இல்லாமலே பொரித்தெடுக்கிறார் மேடம். கண்ணாடி போடாதவர், எங்களுக்கு மட்டும் கண்ணாடி காட்டுகிறார். பெயர் வைத்தாயிற்று: கண்ணாடி மேடம்.

"பெட்ஷீட் மாத்தினேன், மேடம். மனசும் வெள்ளையாயிடுச்சு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நிஜமா ஒண்ணு கொண்டு வா."

மார்ச் 5

வயிற்றில் ஆபரேஷன் ஆன தையல்காரர். "தையல்காரருக்கே தையலா, பெரியப்பா? கூலி யாருக்கு?" குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் விடவில்லை, இன்னும் இரண்டு அவிழ்த்துவிட்டேன். திடீரென்று "அம்மா" என்று வயிற்றைப் பிடித்தார். கட்டுத்துணி சிவந்தது.

சிரிப்போ இருமலோ வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடிக்கச் சொல்ல வேண்டும். படித்ததுதான். தலையணை அவர் கால்மாட்டிலேயே கிடந்தது.

ஒரு தையல் விட்டுப்போச்சு. நான் சிரிக்க வச்சதை யாரும் பார்க்கல.

மார்ச் 6

தையல் விட்டதற்கு வார்டு சிஸ்டர் என் ரூம்மேட்டைப் பிடித்துக்கொண்டார். நேற்றுக் காலையில் அவருக்குக் கட்டுப் போட்டவள் அவள். "இப்படியா டிரெஸ்ஸிங் பண்ணுவே? இனி வார்டு பக்கம் வராதே." வார்டு நாள் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

அவள் சாப்பிடவில்லை. "நான் என்னடி தப்பு பண்ணேன்?" என்று கேட்கிறாள். என்னிடம்!

நாளை வட்டம். சொன்னா நான் வெளியே. சொல்லலைன்னா அவ. ஊரு வாயெல்லாம் அடைக்கிற உன் வாய் இப்ப எங்கடி போச்சு?

மார்ச் 7

சொல்லிவிட்டேன். பாதியில் ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"அப்ப மனசுல என்ன ஓடிச்சு?" என்றார் மேடம்.

"அவர் சிரிக்கிறது பிடிச்சிருந்துச்சு. அவர் வயிறு ஞாபகமே இல்ல, மேடம்."

ரூம்மேட் "அடிப்பாவி" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு வாரம் வார்டு கிடையாது. அதை விடுமுறையில் ஈடுகட்டினால்தான் பரீட்சை.

மார்ச் 11

ரூம்மேட் என்னைப் பார்க்காமல், சோப்பு தீர்ந்ததைச் சுவரிடம் சொன்னாள். சுவர் போய் வாங்கி வந்தது.

மார்ச் 17

வார்டுக்குத் திரும்பினேன். "என் தையலைப் பிரிச்ச வாயாடி வந்துட்டா!" என்றார் தையல்காரர். "ஒண்ணு எடுத்து விடு, பாப்பா."

என் கண் அவர் வயிற்றுக் கட்டுக்குப் போனது. பக்கத்துக் கட்டிலில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்த ரூம்மேட் திரும்பினாள். ஒரு தலையணை பறந்து வந்து என் முகத்தில் விழுந்தது.

"முதல்ல இதைக் குடுடி."

கொடுத்தேன். அவர் அழுத்திப் பிடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஆரம்பித்தேன்.