ஒரு இன்ஜினுக்கு மூன்று படகுகள்

மங்களூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, சௌஜன்யாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

மீனவர்கள் ஆபத்தில் உதவி கேட்க ஒரு ஆப் எழுதுகிறேன் என்றேனே, அது கரைக்குச் செய்தி அனுப்பினால் பதில் வரும்வரை அப்படியே உறைந்துவிடும். வரைபடம்கூட அசையாது. அதை மாற்றினேன். இப்போது செய்தி பின்னால் தன்பாட்டுக்குப் போகும், திரை வேலை செய்துகொண்டே இருக்கும்.

நேற்று இங்கே மீன்பிடிக்கும் உமேஷ் சாலியான் அண்ணன் படகில் அதைச் சோதிக்கப் போனேன். பயப்படாதே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அங்கே இன்ஜின் நிஜமாகவே நின்றுவிட்டது! ஆப்பில் உதவி கேட்கும் பட்டனை அழுத்தினோம். பதில் வரவில்லை, ஆனால் வரைபடம் ஓடியது. பாறைப் பக்கம் ஒதுங்குகிறோம் என்று அதில் பார்த்து அண்ணன் உடனே நங்கூரம் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் மூன்று படகுகள் வந்தன. பதில் தாமதமானதால் ஆப் அதே செய்தியை மூன்று முறை அனுப்பியிருக்கிறது. கரையில் இருந்தவர்கள் மூன்று படகுக்கு ஆபத்து என்று நினைத்துவிட்டார்கள்.

"ஏம்மா, ஒரு இன்ஜினுக்கு ஊர்வலமா? மேளம் மட்டும்தான் பாக்கி!" என்றார் அண்ணன். நானும் சிரித்துவிட்டேன். இன்று அதையும் திருத்திவிட்டேன்.

நம்மூர் கலபுர்கியிலிருந்து யாராவது வந்தால் சோள ரொட்டியும் கடலைச் சட்னிப்பொடியும் கொடுத்தனுப்பு. அப்படியே, நீ ரொட்டி தட்டும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பு. சிரிக்காதே. சாப்பிடும் நேரத்தில் என் அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

திருத்தியதைச் சோதிக்கப் படகு கிளம்புகிறது, அண்ணன் கத்துகிறார். ஓடுகிறேன்.

உன் சௌஜி