இடப்பக்கம் மட்டும் திரும்பிய விமானம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? அயோவாவில் மழை விட்டதா? வயோமிங்கில் நான் சுகம்.

நாம் இருவரும் ரிவெட் அடித்துச் சேர்த்த விமானமும் சுகம்தான். ஞாயிறன்று தரையிறங்கி ஓடும்போது வலது பிரேக் டிஸ்க் உடைந்து, கொஞ்சம் புல்லில் இறங்கிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. தரையில் அதைத் திருப்புவதே பிரேக்தானே, எந்தப் பக்கத்துச் சக்கரத்தைப் பிடிக்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும். இடது மட்டும் மிஞ்சியதால், வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் இடப்பக்கமாக முக்கால் வட்டம் அடித்து விமானக் கொட்டகைக்கு வந்தேன்.

பக்கத்துக் கொட்டகை டெல்பர்ட் காப்பியோடு நின்றார். "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா? சுத்திச் சுத்தித் தேடுறே?"

கழற்றிப் பார்த்தால், உடைந்த டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இடது டிஸ்க் புதிது போலவே இருந்தது. ஏன் ஒன்று மட்டும்?

டெல்பர்ட்தான் சொன்னார்: "இங்க எப்பவும் மேக்காலேர்ந்துதான் காத்து. திரும்பறப்ப நீ கொட்டகை கிட்டவே இறங்கிடுறே; ஆனா கிளம்பறப்ப ஓடுபாதையோட அந்தக் கோடி வரைக்கும் வடக்கே ஓட்டிப் போறே, அப்ப காத்து விமானத்து மூக்கை இடப்பக்கம் இழுக்கும். வலது பிரேக்கிலேர்ந்து காலை எடுக்காமலே மிதிச்சிருப்பே."

என் கால் எனக்கே தெரியாமல் இந்த ஊர்க் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நம் வீட்டுக் கேரேஜில் மிச்சமிருக்கும் டிஸ்கை அனுப்புங்கள். இடமிருந்தால் ஆப்பிள் ஜாமும். நம் ஊர்ச் செய்தித்தாளில் சுற்றுங்கள், நிறையச் சுற்றுங்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது. டிஸ்க் சீக்கிரம் வேண்டும், அம்மா. என் கொட்டகை வடக்குப் பார்த்தது. நம் வீடு கிழக்கே, வலப்பக்கம் இருக்கிறது.

கொரின்