கம்பளி எண்ணுகிறேன் என்று எழுதிய மகனுக்கு

கடீனா,
16 ஏப்ரல் 1944

அன்பு மகன் நோயலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், அதை நம்புவதா வேண்டாமா என்றுதான் கடிதம் வந்த நாளிலிருந்து யோசனை. விதைப்புக்கு மழை இன்னும் இறங்கவில்லை, கறுப்புப் பசு கன்று போட்டது, அதெல்லாம் இருக்கட்டும். இங்கிலாந்தில் கிடங்கில் உட்கார்ந்து கம்பளி எண்ணுகிறேன் என்கிறாய். விமானத்திலிருந்து சுடுவதற்குப் பயிற்சி கொடுத்தவனைக் கிடங்கிலா போடுவார்கள்? உன் கையெழுத்தும் பென்சிலைப் பிடிக்க முடியாதவன் எழுதியது போலக் கோணிக் கிடக்கிறது.

ட்ரெஸிடர் வீட்டு மெர்வின் உன் விமானத் தளத்திலிருந்து கால் உடைந்து திரும்பியிருக்கிறான். போன ஞாயிறு சர்ச் முடிந்து டீக்குக் கூப்பிட்டு, நோயலுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "கிடங்குல கம்பளி எண்ணுறான் ஆன்ட்டி" என்றான், உன் கடிதத்தில் இருந்த அதே வார்த்தை. பேசி வைத்துக்கொண்டீர்கள் என்று அப்போதே புரிந்தது. ஒன்றும் தெரியாதவள் போல கேக்கை நறுக்கிக்கொண்டே, சுடுகிறவன் உட்காரும் விமானத்து வாலில் ரொம்பக் குளிருமாமே என்று போட்டுப் பார்த்தேன். "குளிரா, கண் இமையே ஒட்டிக்கும்னு நோயல்..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு அழுதுகொண்டே எல்லாம் சொல்லிவிட்டான், பாவம்.

குண்டு வீசும் விமானத்தின் வால் கூண்டில் எட்டு மணி நேரம் துப்பாக்கியோடு தனியாக இருக்கிறாயாம். பாராசூட்டுக்குக்கூட உள்ளே இடமில்லையாம். எதிரி வந்தால் வாலைத்தான் முதலில் சுடுவானாம். கையுறைக்குச் சூடு தரும் கம்பி அறுந்த அன்று, சிக்கிக்கொண்ட துப்பாக்கியை வெறுங்கையால் விடுவித்தாயாம், தோல் உறைந்த இரும்போடு ஒட்டிப் போய்விட்டதாம், ஆனாலும் சுட்டாயாம். "அவன் சுடலைன்னா அந்த விமானத்துல இருந்த நாங்க ஏழு பேரும் இல்ல ஆன்ட்டி" என்றான்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவர் திரும்பாமலே, "எனக்குத் தெரியும் ஹில்டா, ஜனவரியிலேயே எனக்குத் தனியா எழுதிட்டான்" என்கிறார். தபாலை எடுக்க அவரே ஓடியது இதற்குத்தான். அப்பனும் மகனும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அத்தனை மாதமும் அவர் தனியாகத்தானே பயந்துகொண்டிருந்தார் என்று தோன்றியது, டீ போட்டுக் கொடுத்தேன்.

கைப்புண்ணுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், தடவு. வியர்வையோடு விமானத்தில் ஏறாதே, உறைந்துவிடும் என்கிறான் மெர்வின். கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். முப்பது தடவை பறந்தால் விட்டுவிடுவார்களாம். எத்தனை முடிந்தது என்று மட்டும் அவனும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. அதை நீ எனக்கு எழுது, ஒன்றுகூடக் கூட்டாமல்.

உன் அம்மா,
ஹில்டா பாஸ்கோ