சேலையை வீசியவள்

ஸ்தெல்லாவுக்கு,

சங்கரன்கோவிலில் எல்லோரும் சுகம். நீ அனுப்பிய புத்தகம் வந்தது. கொடைக்கானல் ஏரிக்கரைக்காரர்கள் தங்கள் கதையைச் சொன்ன புத்தகம் என்றதும், யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை. அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்து நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

உன் போட்டோவும் இருக்கிறது. அன்றைக்குப் படகு கவிழ்ந்ததும், நாம் இரண்டு பேரும் சோளக்கதிர் சுட்டு விற்றுக்கொண்டிருந்த அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஏரியில் குதித்து, டூரிஸ்ட் பிள்ளையைத் தூக்கினது நீயாம்.

ஏட்டி, உனக்கு நீச்சலே தெரியாதே!

தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது என்று சொல்லியிருக்கிறாய். எனக்குக் குளிர் ஞாபகமில்லை. பாசி காலைச் சுற்றிக்கொண்டு விடாததுதான் ஞாபகம். எங்கள் ஊர்க் கிணற்றில் நீந்திப் பழகினவள், அங்கே சாகப் பார்த்தேன்.

பேத்தி விஜிதாவும் வாசித்தாள். "ஆச்சி, நீங்க குதிச்சதாத்தான எங்கிட்ட சொன்னிய? அம்புட்டும் பொய்யா?" என்று கேட்டுவிட்டாள். அச்சில் ஏறினதைத்தானே பிள்ளை நம்பும்.

அவளுக்கு நான் சொன்ன கதையில் நீயும் உண்டு. அத்தனை ஆம்பிளைகள் வேடிக்கை பார்க்க, கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி, பாவாடையோடு நின்று என்னையும் அந்தப் பிள்ளையையும் கரைக்கு இழுத்தாயே. அதைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையை வீசிக் காட்டுவேன்.

உன் கதையில் கரையில் ஒருத்தியும் இல்லை. சேலையை வீசினவளை எங்கே தொலைத்தாய்? அவள் இருந்தால் மட்டும் பதில் எழுதச் சொல்லு.

இப்படிக்கு,
அவள் கரை சேர்த்தவள்