ஏழாம் எண்ணும் என் தூக்குச் சட்டியும்

அன்பு மகளே, எங்கள் குட்டிப் புயலே,

இங்கே நானும் உன் சித்தியும் நலம். சித்தியின் குரல் அதைவிட நலம், மூன்று தெருவுக்குக் கேட்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அவள் தினமும் என்னைத்தான் அதட்டுகிறாள்.

விதைப் பரிசோதனை அறையில் இருபது வருஷமாக நான் எழுதிய நோட்டுகளைப் படமெடுத்துப் போனாயே, உன் செயற்கை நுண்ணறிவு அத்தனையையும் ஒரே காலையில் படித்துவிட்டது என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கையெழுத்தைப் படிக்க எனக்கே ஒரு பூதக்கண்ணாடியும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். வடக்குச் சுவர் வெப்பமானி மூன்று வருஷம் ஒரே எண்ணில் செத்துக் கிடந்ததை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த நாங்கள் நாலு பேரும் காணவில்லை, அது கண்டுவிட்டது. அதற்கு என் சார்பில் ஒரு கும்பிடு போட்டுவிடு. ஆனால் ஏழாம் எண் விதை குளிரிலும் இரண்டு நாள் முந்தி முளைக்கிறது, குளிரைத் தாங்கும் விதை அதுதான் என்றும் சொல்லியிருக்கிறதே, சிக்கல் அங்கேதான். அதை நீ அடுத்த மாதம் மாநாட்டில் சொல்லப்போகிறாய், என் பெயரையும் போடப்போகிறாய் என்றதும் முடிதிருத்துகிறவர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் சொல்லி, பொன்னாடைக்குத் தோளையும் தயார் செய்துவிட்டேன். அப்புறம்தான் என் தூக்குச் சட்டி நினைவு வந்தது.

அந்த அறைக்குள் சாப்பாடு கூடாது என்பது விதி. ஆறிய சோறு சாப்பிட்டேன் என்று தெரிந்தால் சித்தி வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் குளிர் மாதங்களில் விதை அடுக்கின் மூன்றாம் தட்டுக்கு அடியில் ஒரு சின்ன மின் அடுப்பை ஒளித்து, அதன்மேல் தூக்குச் சட்டியை வைப்பேன். மூன்றாம் தட்டில் என்றைக்கும் ஏழாம் எண்தான், நான் இடம் மாற்றுகிற ஆளில்லை. உன் இயந்திரம் பாவம், நோட்டைத்தானே படித்தது, நோட்டில் என் வயிற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சந்தேகம் தீர, போன வாரம் நாலாம் எண்ணை மூன்றாம் தட்டில் வைத்து அடுப்பைப் போட்டேன், ஏழாம் எண்ணை மேல்தட்டுக்கு அனுப்பினேன். நாலாம் எண் மூன்றாம் நாளே முளைத்து நின்றது. ஏழு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஐந்தாம் நாள்தான் அசைந்தது. எங்கள் மேலாளரிடமும் ஒப்புக்கொண்டுவிட்டேன். எதையும் நிறுத்துப் பேசுவதால் நாங்கள் தராசு என்று கூப்பிடும் மனிதர் அவர், “ஏங்க, சோத்துச் சட்டிக்கு இருபது வருஷமா ஆராய்ச்சி வேலை கொடுத்திருக்கீங்களே” என்று கேட்டு, அடுப்பைப் பறிமுதல் செய்துகொண்டு போனார். இப்போது அவருடைய சாப்பாடு சூடாக இருக்கிறது.

மாநாட்டுக்கு முன்னால் ஏழாம் எண்ணை எடுத்துவிடு அம்மா. வெப்பமானி விஷயத்தைச் சொல், அது சத்தியம். என் பெயர் போனால் போகட்டும், உன் பெயர் நிற்கவேண்டும். நூறாண்டு நன்றாயிரு. அடுத்த முறை நோட்டை அதனிடம் கொடுக்கும்போது, எழுதினவனிடமும் ஒரு வார்த்தை கேள், மறக்காதே. என் பெயரைப் போட்டே தீருவேன் என்றால், கீழே உள்ளபடி போட்டுக்கொள்.

இப்படிக்கு,
ஏழாம் எண்ணுக்கு இருபது வருஷம் குளிர்காய நெருப்புப் போட்ட
உன் சித்தப்பா